கணுக்காலுக்கு மேலே நாலு விரல்

பெரியாஸ்பத்திரி வாசலில்
பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு
செக்கானூரணிக்குத் திரும்பி
சாக்ஸைக் கழற்றினால்
கணுக்காலுக்கு மேலே நாலு விரல் தள்ளி
ஒரு வளையம்.

முதலில் பார்த்தவள் ஒச்சம்மாள்.
"யாரு கட்டிப்போட்டா ஒங்கள?" என்று சிரித்தாள்.
டவுன்ஹால் ரோட்டில் மூணு ஜோடி நூறு ரூபாய்,
எலாஸ்டிக் அப்படித்தான் பிடிக்கும் என்றேன்.
பாயில் ஒருக்களித்துத் தூங்கிய கன்னம் மாதிரி
கோடு கோடாக, சிவப்பாக.
சோறு தின்று கை கழுவுவதற்குள் மங்கிவிடும்.

கொஞ்ச நாளாக
பத்து மணிச் செய்தி முடிந்தும் மங்கவில்லை.

மடித்துவிட்டுப் பார்த்தேன்.
மடித்த இடத்தில் விழுந்தது.
பிளேடால் எலாஸ்டிக்கை நறுக்கினேன்.
சாக்ஸ் சரிந்து பூட்ஸுக்குள் சுருண்டுகொண்டது.
"என்ன சோணமுத்து, பள்ளிக்கூடத்துப் பயலா நீ?"
என்றார் சூப்பர்வைசர்.

அப்புறம் வாசலில் முகங்களைப் பார்ப்பது குறைந்துபோனது.
கொலுசு இறுகிக் கொக்கி கழலாத
பிள்ளைத்தாய்ச்சிக் கால்.
உரல் ஒன்று, உலக்கை ஒன்று என்று
ஜோடி சேராமல் வந்த சுமைக்காரர் கால்.
செருப்பு நுழையாமல்
செருப்பை மடியில் வைத்துக்கொண்டு
தள்ளுவண்டியில் போன வாத்தியார் கால்.
எல்லாரிடமும் பாஸ் கேட்டேன்.
என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பகல் டூட்டி முடிந்து வந்த ஜெசிந்தா சிஸ்டர்
டீக்கடையில் நான் காலைச் சொறிவதைப் பார்த்துவிட்டார்.
"பேன்ட்டத் தூக்குங்கண்ணே."
நாலு பேர் நிற்கிற இடம். தூக்கினேன்.
சதையில்லாத முன்னெலும்பின் மேல்
கட்டைவிரலை ஊன்றி
மனசுக்குள் எதையோ எண்ணினார்.
எடுத்தார்.
குனிந்து பார்த்தோம்.
டீ மாஸ்டரும் பார்த்தார்.

வைகையில் தண்ணீர் திறந்த மறுநாள்
ஈர மணலில் மிதித்த தடம்
ஊறி ஊறி மேலே வருமே
அப்படி, அவசரமில்லாமல்
எழுந்தது அந்தக் குழி.

"கோடு எல்லாருக்கும் விழுகும்ணே"
தன் வெள்ளைச் சாக்ஸை இறக்கிக் காட்டினார்.
அங்கேயும் அதே வளையம்.
"இது எலாஸ்டிக் போட்ட கையெழுத்து.
குழிதான் வேற கணக்கு.
காலைல வத்திருதா?
ஒரு காலா, ரெண்டுமா?
படுத்தா மூச்சு முட்டுதா?"

வத்திரும் என்றேன்.
ரெண்டும்தான் என்றேன்.
மூச்சு?
"அதெல்லாம் ஒண்ணுமில்ல சிஸ்டர்."
டீக்குக் காசையும் நானே கொடுத்தேன்.

நாகமலை புதுக்கோட்டை தாண்டும்வரை
அந்தப் பதில் உண்மையாகத்தான் இருந்தது.

வீட்டில் பாய் விரித்திருந்தது.
என் பக்கம் ரெண்டு தலையணை,
ஒன்றின் மேல் ஒன்று.
ஒச்சம்மாள் தலைமாட்டில்
நாலாக மடித்த பழைய சேலை.
எப்போதிருந்து?
தை மாசமா, அதற்கும் முன்னாலா?
நான் கேட்டதில்லை.
நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்த எவனுக்கோ
தூக்கத்தோடு தூக்கமாக
தன்னுடையதை நகர்த்தியிருக்கிறாள்.
அவளும் சொன்னதில்லை.

மறுநாள் சூப்பர்வைசரிடம் ஒரு மணிநேரம் கேட்டு
ஓ.பி. சீட்டு வரிசையில் போய் நின்றேன்.
சீருடையில் இருந்ததால்
வரிசையை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று நினைத்து
பின்னால் வந்தவர் என்னைத் தாண்டிப் போய் நின்றார்.
அவரைப் பார்த்து இன்னொருவர்.
எக்ஸ்ரே எங்கே என்றாள் ஒரு பெண்.
கை காட்டினேன்.
மூன்றாவது ஆள் தாண்டும்போதுதான்
"நானும் சீட்டுக்குத்தான்யா நிக்கிறேன்" என்று
சத்தம் வந்தது எனக்கு.

ஜன்னலுக்குள்ளிருந்து கேட்டார்கள்:
"என்ன செய்யுது?"

சாக்ஸ் போடாத காலைக் குனிந்து பார்த்துக்கொண்டு
"ரெண்டு தலையணை" என்றேன்.